இரவல் சகோதரன்

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு ஓர் அண்ணன் வந்தார்.

யாருடைய அண்ணன் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் அண்ணன். பதவியின் பெயரே அப்படித்தான் — கிராண்ட் பிரதர்!

சகோதரத்துவத்தை வளர்ப்பதற்கென்றே மாத்தளையில் ஒரு கிளப் இருக்கிறது. பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் அதற்குச் செக்ரட்டரி. இதை எழுதிவிட்டு நான் அதே வீட்டில்தானே சோறாக்க வேண்டும்?

இந்தக் கிளப்பில் ஒருவரை ஒருவர் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாதத்துக்கு ஒரு கூட்டம். போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்று வாசிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் என்ன பேசலாம் என்று பேசுவார்கள். பிறகு பிரைட் ரைஸ். வருஷத் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பி கொடுப்பார்கள். ஒரே கொப்பியை ஏழெட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்... கொப்பி வாங்குகிற பிள்ளையின் முகம் மட்டும் அதில் தெரியாது.

மனைவிமாருக்கும் ஒரு பிரிவு உண்டு. சிஸ்டர்ஸ் விங். எங்கள் மகத்தான சேவை என்ன தெரியுமா? நெப்கின் மடிப்பது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கிளப்புக்கு ஒரு சோதனை. கிராண்ட் பிரதர் கொழும்பிலிருந்து வருகிறார். ஆட்களை எண்ணிப் பார்க்கப்போகிறார். எண்ணிக்கை குறைந்தால், மாத்தளைக் கிளையைக் கலைத்துக் கண்டிக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள்.

கண்டியோடா? எங்கள் தலைவருக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. அவர் பெரிய வாசனைத் திரவிய வியாபாரி. ஏலம், கறுவா, சாதிக்காய் எல்லாம் அவர் கடையைத் தாண்டித்தான் வெளியூர் போகும். தலைவர் பதவி போய், கண்டிக்காரனுக்குக் கீழே கடைசி வரிசையில் உட்காருவதா?

“செக்ரட்டரி, நாலு பேரப் பிடிங்க” என்றார். “யாரா இருந்தாலும் பரவாயில்ல. கோட்டுப் போட்டு நின்னாப் போதும்.”

தலைவரின் மருமகன் ஒருவர். அவர் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர். எங்கள் பார்மசியில் வேலை செய்கிறவர் ஒருவர். நான்காவது ஆளுக்கு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில், என்னைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற த்ரீவீல் சிவாவைப் பிடித்துவிட்டார்.

சிவாவுக்கு இரத்தோட்டைப் பக்கம் வீடு. அப்பா, அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைவிட்டு வெளியே வந்து, மலைச்சரிவில் துண்டுக் காணி வாங்கி, தானே கல் சுமந்து வீடு கட்டியவர். வாய் கொஞ்சம் நீளம். மனசு சுத்தம்.

“கோட்டுப் போடணுமாமே டீச்சர்? எங்கிட்ட எங்க கோட்டு?”

என் வீட்டுக்காரரின் கல்யாணக் கோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். சிவா ஒல்லி. அந்தக் கோட்டுக்குள் இன்னும் ஒரு சிவா இருக்கலாம்.

பலாபத்வல பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் விழா. கிராண்ட் பிரதர் வருவதற்குள் நெப்கின்கள் தாமாகவே பிரிந்துவிட்டன. ஒருவழியாக வந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை பட்டி, பட்டி நிறைய பதக்கம். நடந்தால் கிண்கிணி என்று சத்தம். நல்ல மனிதர்தான்... சிரித்த முகம், கணீர்க் குரல். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் தலைவர் வளைந்த வளைவு இருக்கிறதே! தன் கடை வாசலில் சாக்குத் தூக்குகிற ஆட்கள்கூட அவர் முன்னால் அப்படி வளைந்ததில்லை.

பேச்சு முடிந்து சத்தியப் பிரமாணம். புது உறுப்பினர்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றார்கள். கிராண்ட் பிரதர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“என் சகோதரனின் வீடு என் வீடு. அவன் கூப்பிட்டால் காரணம் கேட்க மாட்டேன். நேரம் பார்க்க மாட்டேன். போவேன்.”

மருமகன் வாயை மட்டும் அசைத்தார். கணக்கப்பிள்ளை மெழுகு கையில் வடிகிற கவலையில் இருந்தார். பார்மசிக்காரர் பாதியில் விட்டுவிட்டார். சிவா? ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு சொல் விடாமல் சொன்னார். “போவேன்” என்று சொல்லும்போது ஓர் அடி முன்னாலும் வைத்துவிட்டார்.

கிராண்ட் பிரதர் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். தன் கார்டை எடுத்து அந்தத் தொளதொளக் கோட்டுப் பையில் வைத்தார்.

“எந்தப் பிரச்சினை என்றாலும் எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள், பிரதர்.”

இதை எல்லாரிடமும்தான் சொல்வார். எல்லார் வீட்டு மேசை லாச்சியிலும் அந்தக் கார்ட் கிடக்கிறது. யாராவது எடுத்துப் பேசியதுண்டா? சேச்சே...

திரும்பி வரும்போது சிவா கேட்டார். “டீச்சர், அந்தச் சத்தியம் நெசமாவா? நான் கூப்பிட்டா தலைவர் வருவாரா?”

“அதைத் தலைவர்கிட்டதான் கேக்கணும்” என்று நழுவிவிட்டேன்.

சிவா கேட்கவில்லை. நம்பிவிட்டார். மறுநாளே தலைவரின் கடைக்கு முன்னால் த்ரீவீலை நிறுத்தி, வியாபாரிகள் நிறைந்த நேரத்தில், “குட்மோர்னிங் பிரதர்!” என்று கையை ஆட்டியிருக்கிறார்.

மத்தியானமே என் வீட்டுக்காரருக்குப் போன். “செக்ரட்டரி, அந்தாளுக்குச் சொல்லி வைங்க. பிரதர் எல்லாம் கூட்ட ஹோலுக்குள்ள. கடையில ‘சேர்’னு மரியாதையாக் கூப்பிடச் சொல்லுங்க.”

சகோதரத்துவத்துக்கும் திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அடித்த காற்று உங்களுக்கு நினைவிருக்கலாம். மாத்தளை டவுனிலேயே கடைப் போர்டுகள் பறந்தன. இரத்தோட்டைப் பக்கம் கேட்கவா வேண்டும்? சிவாவின் வீட்டுக் கூரை அப்படியே கிளம்பிப் போய்க் கீழே மிளகுத் தோட்டத்தில் விழுந்தது. நல்லவேளை, பெண்சாதியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். உடுப்பு, அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் மழையில் ஊறிப்போயின.

சிவா என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தார். “பிரதர், கூரை போயிருச்சு. ஆளுகளோட கொஞ்சம் வந்தீங்கன்னா...”

என் வீட்டுக்காரர் தலைவருக்கு எடுத்தார். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா?

“அவன் சும்மா எண்ணிக்கைக்குச் சேத்த ஆள்தானே? சரி சரி... அடுத்த கூட்டத்துல ஒரு சப்-கமிட்டி போடுவோம்.”

அதை என் வீட்டுக்காரர் அப்படியே... இல்லை, முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் சிவாவுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பார்மசிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் சிவா வழக்கம்போல வந்தார். ஈரச் சட்டை. தூங்காத கண். வண்டி கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

“டீச்சர், சப்-கமிட்டி மழைக்குத் தாங்குமா?”

எனக்குச் சுருக்கென்றது. “கிராண்ட் பிரதர் கார்ட் குடுத்தாரே, என்ன செஞ்சீங்க?”

“பத்திரமா வச்சிருக்கேன். அவரு பெரிய ஆளு டீச்சர். அவருக்குப் போயி...”

“நீங்க சொன்ன சத்தியத்தைத்தானே அவரும் சொல்லியிருப்பாரு? எடுங்க போனை.”

வண்டியை ஓரம் கட்டினார். ஸ்பீக்கரில் போட்டார். முதலில் ஒரு பெண் பேசினாள். பிறகு அந்தக் கணீர்க் குரல்.

“யார், எந்த பிரதர்?”

“மாத்தள பிரதருங்க. கோட்டு பெருசா போட்டிருந்தேனே, அந்த பிரதர்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. சிவா கூரை போன கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“உங்கள் தலைவர் வந்து பார்த்தாரா?”

சிவா என்னைப் பார்த்தார். பிறகு, “அவருக்கு வேல இருக்கும் பிரதர். வருவாங்க” என்றார்.

பாருங்கள், இரவெல்லாம் நனைந்த மனிதர் தலைவரை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பின் சீட்டிலிருந்து எட்டி, “யாரும் வரல. சப்-கமிட்டி போடப்போறாங்களாம்” என்றேன்.

“யார் பேசுவது?”

“செக்ரட்டரியோட வைஃப்.”

அந்தக் கணீர்க் குரல் சட்டென்று இறங்கியது. அவர் வீட்டிலும் ஒரு சிஸ்டர் இருப்பார் போலிருக்கிறது... “ஓகே, நான் பார்க்கிறேன்” என்றார்.

இன்டர்வெல் மணி அடிக்கும்போதே என் போனும் அடித்தது. என் வீட்டுக்காரர்.

“என்னா செஞ்சு வச்சிருக்க நீ? கிராண்ட் பிரதர் தலைவரப் பிடிச்சு ஏசியிருக்காரு! ஞாயித்துக்கிழமை தம்புள்ளைக்குப் போற வழியில சிவா வீட்டுக்கு வாராராம். பிரதர்ஸ் எல்லாரும் கூரையில நிக்கணுமாம்!”

“நல்லதுதானே?”

“தலைவர் எங்கிட்ட எப்பிடிப் பேசினாரு தெரியுமா?”

“நீங்க சிவாகிட்ட எப்பிடிப் பேசினீங்க?”

போன் வைக்கப்பட்டது. அன்று வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பாரூக் ஹாஜியாரும் கிளப்பில் ஒரு பிரதர்தான். கூட்டங்களில் வாயே திறக்காதவர். இந்த முறை அவர்தான் முதலில் போன் எடுத்தார். “தகரம் கடையில ஈக்குது. லொறியும் ஈக்குது. ஏன் எனக்கு ஆரும் முன்னுக்கே சொல்லல்ல?”

சிவாவின் வீட்டுக்குக் கடைசித் துண்டு வழியில் வாகனம் போகாது. ஏறித்தான் போக வேண்டும். கிராண்ட் பிரதர் வருகிறார் அல்லவா? தலைவர் கோட்டுப் போட்டு, கிளப் பேட்ஜ் குத்தி வந்திருந்தார். தலைவரைப் பார்த்து மற்றவர்களும் கோட்டு. சப்பாத்து வழுக்க, தகரத்தை முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு கோட்டு வரிசை ஒன்று மலை ஏறுகிறது. காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைக்குக் கோட்டு என்ன, கோவணம் என்ன? கணக்கப்பிள்ளை கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு ஆடிய ஆட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மேலே லயத்திலிருந்து வேடிக்கை பார்த்த ஓர் அம்மா கேட்டார். “யாருங்க இவுங்க? பொண்ணு பாக்க வந்தாங்களா?”

“இல்லக்கா. நம்ம பிரதர்மாருங்க!” என்றார் சிவா பெருமையாக.

அந்தச் சொல்லைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கோட்டைக் கழற்றி கொய்யாக் கொப்பில் மாட்டினார். சிவாவிடம் ஒரு சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு கூரை மரம் தூக்கப் போனார். எனக்கு... சரி, அதை எழுத வேண்டாம். அவர் இதைப் படிப்பார்.

பாதிக் கூரை போட்டிருக்கும்போது தலைவரின் போன் அடித்தது. கிராண்ட் பிரதருக்கு நேரமாகிவிட்டதாம். நேரே தம்புள்ளை போகிறாராம். போட்டோ மட்டும் அனுப்பச் சொன்னாராம்.

காரணம் கேட்க மாட்டேன், நேரம் பார்க்க மாட்டேன்... சத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தவரே நேரம் பார்த்துவிட்டார்!

தலைவர் ஒரு சுத்தியலை வாங்கினார். தகரத்துக்குப் பக்கத்தில் நின்றார். போட்டோ எடுத்தார்கள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி பிரதர்ஸ், இனி மிச்சத்த இவங்களே பாத்துக்குவாங்க. போவோமா?”

மருமகன் உடனே இறங்கினார். அவர் பின்னால் இன்னும் சிலர். கூரைமேல் இருந்த ஹாஜியார் மட்டும் வாயில் ஆணியோடு கீழே பார்த்தார்.

“தலைவர் பிரதர், நீங்க போங்க. பாதி ஊட்டுக்கு மட்டும் மழை பெய்யாம ஈக்க நீங்க சொல்லிட்டுப் போனா, நாங்களும் வாரோம்.”

தலைவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. நின்றாரா? இல்லை. போய்விட்டார். கதை என்றால் அவரை நிற்கவைத்து, மனம் திருந்தவைத்திருப்பேன். இது நடந்தது, என்ன செய்ய?

மிஞ்சியவர்கள் ஒரு கைப்பிடி. லயத்து ஆட்களும் ஏறி வந்தார்கள். இருட்டுவதற்குள் கடைசித் தகரத்தில் ஆணி இறங்கியது. சிவாவின் பெண்சாதி எல்லாருக்கும் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் தந்தார். என் வீட்டுக்காரர் ரொட்டி சாப்பிட்ட வேகத்தை எந்தக் கிளப் பிரைட் ரைஸிலும் நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பார்த்தேன். கொப்புளம். “எண்ணெய் வைக்கட்டா?” என்றேன். “நீ போன் எடுத்தது சரிதான்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ‘நீ சரி’ என்று அவர் சொல்லி நான் கேட்டது... வேண்டாம், அதையும் படிப்பார்.

போட்டோ கொழும்புக்குப் போனது. கிளப் சஞ்சிகையில் அட்டைப்படமாக வந்தது. தலைவர், சுத்தியல், பின்னால் மங்கலாக ஒரு கூரை. இந்த ஆண்டின் சிறந்த சேவைக் கிளை மாத்தளையாம். கண்டிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சலாம். தலைவருக்கு ஒரு பட்டி வந்திருக்கிறது. அவர் நடந்தாலும் இப்போது கொஞ்சம் சத்தம் கேட்கிறது.

போன கூட்டத்தில் தலைவர் புதிதாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஹாஜியாரும் சிவாவும் என் வீட்டுக்காரரும் எதிர்த்தார்கள். ஆனாலும் நிறைவேறிவிட்டது. இனிமேல் புதிய சகோதரர்களைச் சேர்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கட்டாயம் விசாரித்துக்கொள்வார்களாம்...

வீட்டுக் கூரைக்குக் கொங்கிரீட் சிலாப் போட்டாகிவிட்டதா?