என் லோரியில் ஏறிய மகளின் வண்டி

என் லோரியில் "போலாம்" என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். முதலாளியே வந்து பக்கத்தில் நின்றாலும் சரி. சரக்கை ஏற்றி, சங்கிலி போட்டு, ஒவ்வொரு சங்கிலியையும் நானே இழுத்துப் பார்த்து, நான் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருளும். ஒருமுறை சுங்காய் பக்கம் புல்டோசர் ஏற்றப் போன இடத்தில், செம்பனைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு "போலாம், போலாம்" என்று கைதட்டினார். சாவியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டிட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

நான் ஓட்டுவது லோ லோடர். தளம் தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடக்கும் நீள லோரி. பெரிய இயந்திரம் எதுவாக இருந்தாலும், பின்னால் சாய்வுப் பலகையை இறக்கினால் அதுவே ஓடி ஏறிக்கொள்ளும். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் என் லோரியில் ஏறாத இயந்திரம் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ராணுவ வண்டி மட்டும்தான் பாக்கி. அதுவும் என் மகள் ஓட்டுகிற வண்டி.

மகள் ராணுவத்தில் பழுதுபார்க்கும் பிரிவில் கார்ப்பரல். அவள் வேலையைப் பற்றி நான் டீக்கடையில் சொன்னது, "என் மக டாங்க் ஓட்டுது." அவள் லீவில் வந்தபோது அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"டாங்க் இல்லப்பா. சோல்ஜர்ங்கள உள்ள ஒக்கார வச்சிக் கொண்டுபோற சண்ட வண்டி. டாங்க் மாதிரி பட்டச் சக்கரத்துல ஓடும். அவ்ளோதான்."

அதோடு விட்டாளா? கைப்பேசியில் படம் படமாகக் காட்டினாள். ஒரே உடம்பு, ஆனால் ஆளுக்கொரு வேலை. கூண்டு வைத்துப் பீரங்கி பொருத்தினால் அது சண்டைக்கு. கூரையைத் திறந்துவிட்டு உள்ளே மோர்ட்டார் வைத்தால் குண்டு வீச. கம்பி கம்பியாக ஆண்டெனா நட்டால் அதிகாரி உட்கார்ந்து கட்டளையிட. பிறை வரைந்து படுக்கை போட்டால் ஆம்புலன்ஸ். கடைசியாகக் காட்டியது அவளுடையது. பீரங்கிக் கூண்டு இல்லை. மேலே ஒரு சின்ன கிரேன், உள்ளே பின்பக்கம் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச். மற்ற வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொண்டாலும் பழுதாகி நின்றாலும் இழுத்து வருவது அதுதான்.

டீக்கடை மச்சான் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது டோ லோரிலா! அப்பனும் லோரி, மகளும் லோரி!" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. அன்று அவன் கடையில் இரண்டாவது டீ குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தால், அவன் சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஈப்போ திடலில் ராணுவக் கண்காட்சி, அதற்கு வண்டிகளை முகாமிலிருந்து கொண்டுபோக லோ லோடர் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, அவர் பேசி முடிப்பதற்குள் "நான் போறேன்" என்றேன். மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, தரையில நல்லா ஓட்டுவேன். லோரி மேல ஏத்துறது இதுதான் மொத தடவ. சரியா ஏத்தினா நானே வண்டியோட திடலுக்கு வாரேன். இல்லாட்டி வேற ஆள ஏத்தச் சொல்லிடுவாங்க."

வண்டி ஏற்றும் நாள் காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா, மகிழ்ச்சியா என்று கேட்டால் இரண்டும்தான். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பன் மாதிரி காரணமில்லாமல் அங்கும் இங்கும் நடந்தேன்.

முதல் நடையில் பீரங்கி வண்டி ஏறியது. பாரம் நடுவில் சரியாக உட்கார்ந்த இடத்தில், சக்கரப் பட்டையின் முன்நுனிக்கு நேராகத் தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். அடுத்த நடைக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் நடையில் ஆம்புலன்ஸ் ஏறி அதே கோட்டில் அழகாக நின்றது. மூன்றாவது, மகள்.

தலைக்கவசம் போட்டு, முன்னால் இடப்பக்கத் துளையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து அவளுக்குப் பலகையும் தெரியாது, தளத்தின் ஓரமும் தெரியாது. தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் கை மட்டும்தான். அந்தக் கை என்னுடையது. லோரித் தலையோடு தளம் சேரும் மேட்டில் ஏறி நின்றேன். கீழே நின்ற மகளின் மேலதிகாரி, மலாய்க்கார சார்ஜன், "பாக்சிக், லோரி மேலே நீங்கதான் போஸ்" என்று மாமா முறை வைத்து மலாயில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இயந்திரம் உறுமியது. மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. பத்து டன்னுக்கு மேல் இரும்பு, அதற்குள் என் பிள்ளை. இடது கையை அசைத்தால் இடது பக்கம் ஒரு விரல் நகர்ந்தாள். வலது கையை அசைத்தால் வலது பக்கம். "பெலான் பெலான், மெதுவா மெதுவா" என்று கத்திக்கொண்டே இருந்தேன், அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். பலகையின் உச்சியைத் தாண்டி மூக்கு தாழ்ந்து, பட்டைகள் இரண்டும் தளத்தில் தட்டென்று படிந்தபோது என் உடம்பெல்லாம் புல்லரித்தது. முன்நுனி கோட்டைத் தொட்டது. இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தேன். நின்றாள். நின்ற நிற்பைப் பார்த்து விசிலடிக்கலாம் போலிருந்தது.

ஆனால் இயந்திரத்தை அணைக்கவில்லை. கைச்சைகை காட்டி என்னை அருகில் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னும் ஒரு அடி முன்னால வரணும்."

"கோடு இருக்குலா! ரெண்டு வண்டி அதுலதான் நின்னுச்சு. அணைச்சிட்டு எறங்கு."

"அந்த வண்டிங்க வேற, இது வேற. வின்ச் பின்னால இருக்கு. பின்பாரம் அதிகம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் லோரி, என் கோடு. முன்னால் ஒரு அடி வந்தால் மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் கையகலம்தான் மிஞ்சும். ஒரு சின்ன உதறல் போதும், மேட்டில் மோதிவிடும். சார்ஜன் முன்னாலேயே "யாருக்குப் பாடம் நடத்துற?" என்று கத்திவிட்டேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"பின் டயரப் பாத்துட்டு வாங்கப்பா. அப்புறமும் அணைன்னு சொன்னா அணைச்சிடுறேன்."

விடுவிடுவென்று இறங்கிப் போனேன், அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் போனேன். பின் டயர்கள் வயிறு பிதுங்கி நசுங்கிக் கிடந்தன. லோரித் தலையோ லேசாகத் தூக்கியிருந்தது. இப்படியே ரோட்டில் இறங்கினால் முதல் வளைவிலேயே லோரியின் வால் ஆடும். உடம்பு ஒன்று, வேலை வேறு என்று அவள் படம் காட்டிச் சொன்னதெல்லாம் அன்று எனக்கு டீக்கடைப் பெருமைக்குத்தான் பயன்பட்டது. வேலை மாறினால் பாரம் உட்காரும் இடமும் மாறும் என்று லோரிக்காரனான எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்து மேட்டில் ஏறினேன். கைகளைத் தூக்கி, விரல்களை மட்டும் மடக்கி மடக்கிக் கூப்பிட்டேன். அவள் கண் என் விரலை விட்டு அகலவில்லை. விரல் ஒருமுறை மடங்கினால் வண்டி ஒரு விரற்கடை வந்தது. என் கோட்டைப் பட்டை மிதித்து மறைத்தது. உள்ளங்கை அளவு இடம் இருக்கும்போது கைகளைக் குறுக்கே வைத்தேன். அசையாமல் நின்றாள். லோரித் தலை மெல்லத் தாழ்ந்து சமமானது என் காலடியிலேயே தெரிந்தது. சார்ஜன் கைதட்டினார். நானும் தட்டினேன், வெட்கமே இல்லாமல்.

சங்கிலிகளை நான் போட்டேன். வழக்கம்போல ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். நான் முடித்ததும் அவள் இறங்கி, எண்ணெய்க் கையோடு நான் பார்த்த அதே சங்கிலிகளைத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். வேறு யாராவது செய்திருந்தால் சாவி அவர்கள் கைக்குப் போயிருக்கும். பின்பக்கத்துச் சங்கிலி ஒன்றில் மட்டும் நின்று, பிடியை இன்னும் அரைச் சுற்று முறுக்கினாள்.

லோரிக் கதவருகே போய் நின்றுகொண்டு அவளையே பார்த்தேன்.

"என்னப்பா? ஏறுங்க."

"நீ சொல்லு."

"என்னத்த?"

அவளுக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி விடுமுறையெல்லாம் இந்த லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவள். வண்டியை ஒருமுறை பார்த்தாள், டயர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போலாம்பா."

ஏறி, சாவியைத் திருப்பினேன்.