உரித்தவள் படிக்காத பலகை

அந்த எழுத்தைப் பார்த்தாலே ஊசிக்குக் குமட்டிக்கொண்டு வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, காலையில் சாப்பிட்டது நிஜமாகவே தொண்டை வரைக்கும் வந்துவிட்டுப் போகும்.

ஸ்டிக்கர் கடையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. மெஷின் வினைல் தாளில் எழுத்தின் ஓரத்தை வெட்டித் தள்ளும். எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை ஊசியால் நெம்பி உரித்தெடுப்பது அவள் பாடு. கையும் கூர்மை, வாயும் கூர்மை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஊசி என்று பெயர் விழுந்தது. உரிக்கிறவர்கள் படிக்கக் கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம். படித்தால் கை நின்றுவிடும். போதாக்குறைக்கு, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுகிற எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித்தான் வரும். ஊசி வளைவைப் பார்ப்பாள், மூலையைப் பார்ப்பாள், வார்த்தை இருக்கிற பக்கமே தலைவைக்க மாட்டாள்.

இந்த லட்சணத்தில் முதலாளியின் மாப்பிள்ளை கம்ப்யூட்டரும் கையுமாகக் கடைக்குள் வந்து இறங்கினார். எட்டு மாசம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு எழுத்துரு பண்ணினார். அதற்குப் பெயர் 'நாளை மறுநாள்'. படித்து முடிக்க அவ்வளவு நாள் ஆகும் என்று வைத்தாரோ என்னவோ! வட்டமெல்லாம் கட்டம், சுழியெல்லாம் வெட்டு, புள்ளிக்குப் பதில் ஒரு சாய்ந்த கோடு. அதுவும் போதாதென்று ஒவ்வொரு எழுத்தின் வயிற்றிலும் நூல் அகலத்துக்கு ஒரு கீறல். விண்கலத்தில் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்களாம். எந்தப் புண்ணியவான் போய்ப் பார்த்துவிட்டு வந்தானோ! அந்தக் கீறலை உரித்து உரித்து ஊசிக்குக் கண் பிதுங்கியது. தெருவே பைத்தியம் பிடித்த மாதிரி அதைத்தான் கேட்டது. செருப்புக் கடைக்கும் அதே, பால் கடைக்கும் அதே, பல் டாக்டருக்கும் அதே. த்தூ!

ஊசியின் தங்கை பிசியோதெரபி படித்தவள். படிக்க வைத்தது ஊசி. வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, தெருமுனையில் ஒரு அறை பிடித்துச் சொந்தமாக ஆரம்பித்தாள்.

"ஒரு மாசம் பாக்கறேன்க்கா. ஆள் வரலேன்னா மறுபடி அந்த மனுஷன் முன்னாடி போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்" என்றாள்.

முன்கண்ணாடி முழுவதையும் அடைக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாக மாப்பிள்ளை வெட்டிக் கொடுத்தார். வேலையோடு வேலையாக ஊசி அதையும் உரித்துத் தள்ளினாள்.

மூன்று வாரத்தில் கதவைத் திறந்தவர்கள் நாலே பேர். ஒருவர் செல்போனுக்குத் திரை மாற்ற வேண்டும் என்றார். இரண்டு பையன்கள் ஜிம்முக்கு மாசம் எவ்வளவு என்று கேட்டார்கள். நாலாவது ஆள் உள்ளே படுக்கையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஓடியே போய்விட்டார்.

விஷயம் தெரிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன ஊசி, எதிர்ப்பக்கம் நின்று முதல் தடவையாக அந்தக் கண்ணாடியைப் படித்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள், கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். ஊஹூம்.

"ஏண்டி, இதுல என்னதான் எழுதியிருக்கு?"

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானேக்கா உரிச்சே? எனக்கு என்ன எழுதியிருக்குன்னு முன்னாடியே தெரியும், அதனால எனக்குப் புரியுது. யாருக்கும் புரியாதுன்னு உனக்குமா தோணல? ஊர்ல இருக்கறவன் போர்டு மாதிரி என் போர்டையும் உரிச்சுப் போட்டுட்டியா?"

அதுவரைக்கும் ஊசிக்கு மாப்பிள்ளை மேல் இருந்த அருவருப்பில் பாதி தன் மேலேயே திரும்பியது.

மறுநாள் காலை, வேறு யாருக்கோ வெட்டி வைத்திருந்த தாளைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் மேஜையில் விரித்தாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிங்க."

"அக்கா, இது டிஸ்ப்ளே ஃபான்ட். உக்காந்து படிக்கறதுக்கு இல்ல. பாத்ததும் ஒரு ஃபீலிங் வரணும்."

"வருது தம்பி, வாந்தி வருது. படிங்க."

மாப்பிள்ளை புருவத்தைச் சுருக்கினார். தாளை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அப்புறம் அவர் கை மெதுவாக ஆர்டர் சீட்டுப் பக்கம் நகர்ந்தது.

"ஐயோ கர்மம்! பெத்த பிள்ளையையே சீட்டைப் பாத்துத்தான் அடையாளம் சொல்வீங்களா?" என்று கத்திவிட்டு, ஊசி படியிறங்கி நேரே தங்கையின் அறைக்கு நடந்தாள்.

கண்ணாடியின் உள்பக்கம் நின்று எழுத்தைச் சுரண்டினாள். நன்றாக ஒட்டியிருந்தது சனியன். ஒவ்வொரு கீறலிலும் கிழிந்து கிழிந்து வந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. உரிய உரிய, படுக்கையும் கயிறு தொங்கும் கப்பியும் பெரிய ரப்பர் பந்தும் தெருவுக்குத் தெரிய ஆரம்பித்தன.

கம்பை ஊன்றிக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று, கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினார்.

"இங்க முட்டிவலிக்குப் பாப்பாங்களாம்மா?"

"பாப்பாங்க ஐயா. தோளுக்கு, இடுப்புக்கு, எல்லாத்துக்கும் பாப்பாங்க."

"அடக் கடவுளே! எதிர் வீடும்மா எனக்கு. மூணு வாரமா இந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் பஸ் ஏறறேன். பெரியாஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் போய், வலிக்கு ஊசி போட்டுட்டு வரேன்."

தங்கை வந்து அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பெரியவர் படுக்கையில் ஏற ஒரு காலைத் தூக்கும்போது வலியில் "அம்மா" என்று முனகினார். ஊசிக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது.