மதிக்குப் பம்பா, பேனாவா?

மருந்துக் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. வந்தவர்களும் எப்போது கிளம்பலாம் என்றுதான் நிற்பார்கள். என்னைப்போலக் கடை வைத்திருப்பவர்களுக்கும், சர்க்கரை நோயுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் நின்றவர்களுக்கும் இது நான் சொல்லாமலே தெரியும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் கடை நடத்திய காலத்தில், ஒரே ஒரு குடும்பத்தோடு எனக்கு நேர்ந்தவை இவை.

யாருக்குப் பயம்?

சங்கரன் சார் ஆழ்வார்குறிச்சியில் டிராயிங் வாத்தியார். ஒரே மகள் காந்திமதி, வீட்டில் மதி. நாலாம் வகுப்புப் பிள்ளை திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, துரும்பாக இளைத்தது. ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, இனி தினமும் இன்சுலின் ஊசி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சார் சீட்டை நீட்டினார். "அண்ணாச்சி, இதையே மாத்திரையாக் குடுக்க முடியாதா? பச்சப்பிள்ளைய எப்படிக் குத்த?" என்றார். இந்தப் பிள்ளைகளுக்கு மாத்திரை உதவாது என்று நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மதி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பாவுக்குத்தான் மாமா ஊசின்னா பயம். எனக்கு இல்ல."

பிளாஸ்க்

இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஆனால் உறையவும் விடக்கூடாது. அதனால் வாய் அகன்ற பிளாஸ்க்கில் கொஞ்சம் ஐஸ் போட்டு, மருந்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக் கொடுப்பேன். சார் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் சேரன்மகாதேவி வரைக்கும் அந்தப் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தாராம். கடைசியில் பொறுக்க முடியாமல், காப்பியா என்று கேட்டுவிட்டார். "காப்பி இல்லைங்க" என்றாராம் சார். பெரியவர் விடவில்லை: "பாலா இருந்தாலும் சரிதான் வே, ஒரு வாய் ஊத்தும்."

மாமா கொண்டுவந்த படம்

மதியின் அம்மா கோமதிக்கு ஒரு தம்பி, கணேசன். அமெரிக்காவில் வேலை. லீவில் வந்தவர் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த படங்களோடு கடைக்கு வந்தார். இடுப்பில் பேஜர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். இன்சுலின் பம்பு. சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க மருந்து போகும், தினமும் ஊசி குத்த வேண்டாம் என்றார். மருமகளுக்கு ஒன்று வாங்கி அனுப்பப்போகிறாராம். அதற்கு மாட்டும் குழாயும் மற்றதும் இங்கே கிடைக்குமா என்று கேட்டார். திருநெல்வேலியில் கிடைக்காது, மெட்ராஸில்தான் விசாரிக்க வேண்டும் என்றேன்.

பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்தது. இருமல் மருந்துக்கு வந்திருந்த முக்கூடல் விவசாயி ஒருவர் 'பம்பு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆர்வமாகத் தலையை நீட்டினார்: "எத்தன எச்.பி. அண்ணாச்சி? நம்ம கிணத்துக்குத் தாங்குமா?"

நூறும் நாற்பதும்

இரண்டு நாள் கழித்து கோமதியும் கணேசனும் வந்தார்கள். தம்பி அமெரிக்காவிலிருந்து இன்சுலினும் கொண்டுவந்திருந்தாராம். "நல்ல மருந்துன்னு ஆசையாக் கொண்டாந்திருக்கான். நம்ம ஊசியிலயே ஏத்தலாமா? எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு வந்தேன்" என்று கோமதி குப்பியை எடுத்து வைத்தார்.

குப்பியைத் திருப்பி எழுத்தைப் படித்தேன். நம்மூர்க் குப்பியில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். இதில் நூறு. நம்மூர் ஊசியில் வழக்கமான கோடு வரைக்கும் ஏற்றினால், மருந்து இரண்டரை மடங்கு போய்விடும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பிள்ளைக்கு நினைவு தப்பிவிடும். சொன்னேன்.

கணேசன் குப்பியை வாங்கி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. "ஊசியப் பத்தி நான் யோசிக்கவே இல்லக்கா" என்றார். கோமதி ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெருமூச்சு ஒன்று வந்தது. அப்புறம் எழுந்து தம்பியின் தோளைத் தட்டினார்: "போடலல்லா? பெறகென்னடா. வா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவோம்."

வாய்க்கால்

என் கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் மதியைப் பார்க்கிற டாக்டரம்மாவின் கிளினிக். பம்பு விஷயத்தை முடிவு செய்யக் குடும்பமே அங்கே போனது. மருந்து வரவழைக்கப் போகிறவன் என்பதால் என்னையும் சார் கூட்டிக்கொண்டார்.

"நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல" என்றார் டாக்டரம்மா. "ஆனா அது தானாச் சர்க்கரையப் பாத்து மருந்து விடாது. அடிக்கடி விரல்ல குத்திப் பாத்து, எவ்வளவு விடணும்னு நாமதான் சொல்லணும். குழாய் அடைச்சிக்கிட்டா, உடம்புல வேற மருந்து இருப்பு இருக்காது. கொஞ்ச நேரத்துலயே பிள்ளை வாந்தி எடுத்துப் படுத்துரும்."

"போன் பண்ணினா கம்பெனியில சொல்லித் தருவாங்க டாக்டர்" என்றார் கணேசன்.

"அந்த நேரத்துக்கு ஆழ்வார்குறிச்சியில எஸ்.டி.டி. பூத்து திறந்திருக்கணும். லைனும் கிடைக்கணும்."

கணேசனுக்கு மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது. டாக்டரம்மா மதியைப் பார்த்து, "இடுப்புல கட்டிக்கிடப் போறது நீ. நீ என்ன சொல்லுத?" என்றார். அதுவரைக்கும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்த மதி, குளிக்கும்போது கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். கழற்றத்தான் வேண்டும், ரொம்ப நேரம் கழற்றியும் வைக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. மதிக்குக் கவலை வந்துவிட்டது: "அப்ப வாய்க்கால்ல குதிக்கையில அத யார் கையில குடுத்துட்டுக் குதிக்க?"

கையெழுத்து

முதலில் சிரித்தது கணேசன்தான். பம்பைப் பற்றிப் பிள்ளை வளர்ந்த பிறகு பார்க்கலாம், இப்போதைக்குப் பேனா போதும் என்று முடிவானது. பேனா மாதிரியே இருக்கும் ஊசி அது. பின்னால் திருகி அளவை வைத்து அழுத்தினால் போதும். மதி தானே போட்டுக்கொள்ளலாம். மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். பேனாவுக்குப் பணம் கொடுத்தது கணேசன்தான். ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டரம்மா முன்னாலேயே மதி அதைப் போட்டுக்காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் பாபநாசத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா. அம்மா இல்லாமல் மதி வெளியே போவது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பையிலிருந்து பேனாவை எடுத்திருக்கிறாள். சீட்டு எதிலோ கையெழுத்துப் போட வேண்டியிருந்த புது டீச்சர் ஒருவர், அவசரமாகக் கையை நீட்டினாராம்: "அந்தப் பேனாவ இங்கன கொஞ்சம் குடு பிள்ள, போட்டுட்டுத் தாரேன்."

கோமதியின் சிரிப்பு

இந்தக் கதையைக் கடையில் நின்று எனக்குச் சொன்னது கோமதிதான். பிள்ளை போன அன்றைக்கு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தே தீர்த்தாராம். பஸ்ஸிலிருந்து மதி குதித்து இறங்கி, பசிக்குது என்று சொன்னபோதுதான் உயிர் வந்ததாம். எத்தனையோ தடவை என் கடைக்கு வந்திருக்கிறார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மதியின் மார்க்கைப் பற்றிப் பேசினார், தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசினார், போய்ட்டு வாரேன் என்று கிளம்பியும் விட்டார்.

அவருக்காக எடுத்து வைத்த மருந்து மேஜைமேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடி, பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அய்யய்ய, இத வாங்கத்தான அண்ணாச்சி வந்தேன்!"

மருந்துக்கு வந்தவர்கள் அதையே மறந்துவிட்டுப் போகிற அளவுக்குச் சௌக்கியமாகிவிட்டால், கடைக்காரன் கொஞ்சம் ஓடத்தான் வேண்டியிருக்கிறது.