சிவப்பி குழம்பாகாமல் தப்பியது

இன்று காலை எங்கள் கோழி சிவப்பி என் கத்திரிப் பாத்தியைக் கிளறி, மூன்று நாற்றுகளைச் சாய்த்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம இது கொழம்புதான்," என்றார் அம்மா.

நான் பாத்தியருகே உட்கார்ந்து கவனித்தேன். சிவப்பிக்கு நாற்றின் மேல் கண்ணே இல்லை. புத்தகத்தில் படித்தபடி, ஈரம் காயாதிருக்க நான் பரப்பியிருந்த ஆவாரம்பட்டைச் சக்கையில்தான் அது புழு தேடியது. அப்பாவிடம் சொல்லி, தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அந்தச் சக்கையை வரவழைத்ததும் நானே.

எல்லாவற்றையும் அள்ளி வேலியோரம் குவித்தேன். சிவப்பியும் அங்கே போய்விட்டது. மாலைவரை பாத்திப் பக்கம் வரவில்லை.

"சரி, கோழி பொழச்சுது. உன்ன இன்னா பண்றது?" என்றார் அம்மா.

பள்ளிப் பலகையில் இதைப் படிக்கும் தோழிகளே, யாரிடமாவது மூன்று கத்திரி நாற்று இருக்கிறதா? பதிலுக்குச் சிவப்பி மூன்று முட்டை தரும். அதனிடம் இன்னும் கேட்கவில்லை.