வெர்னெட் தூக்காத அட்டை

வெர்னெட் ஓல்சனைப் போல உண்மை பேசுகிறவளை எங்கள் நெப்ராஸ்கா மாவட்டத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான். இருபத்தைந்து வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சர்ச் விருந்தில் எல்லோரும் அவள் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைப் புகழ்ந்தபோது எழுந்து நின்று, "மேல இருக்கற மாவு ஓடு கடையில வாங்கினது" என்று சொன்னவள்.

நான் நீதிமன்ற எழுத்தர். கேசி ட்ரூல் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஊர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்த அன்று எண் அட்டைகளைக் கொடுத்தவளும் நானே. வீடு புகுந்து ஒரு கிழவரைக் கட்டிப்போட்டு அடித்ததாகக் கேசிமேல் வழக்கு. இல்லவே இல்லை என்றான். நீதிபதி ஹால்வர்சன், "இங்க யாரையாவது தெரிஞ்சவங்க அட்டையைத் தூக்குங்க" என்றார். சின்ன ஊர், எல்லா அட்டையும் மேலே போனது. வெர்னெட் மட்டும் எழுந்து, "அரசு வக்கீலோட அம்மாகிட்ட நாய்க்குட்டி வாங்கினேன் ஐயா, சொல்லிடறது நல்லதுன்னு" என்றாள். அறையே சிரித்தது.

அடுத்து, "உங்க வீட்டுக்குள்ள யாராவது புகுந்து தாக்கினது உண்டா?" என்று கேட்டார். இரண்டு பேர் தூக்கினார்கள், நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாதென்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வெர்னெட்டின் அட்டை மடியிலேயே கிடந்தது. ஜூரியில் உட்கார்ந்தாள். கேசிக்குப் பன்னிரண்டு வருடம் கிடைத்தது.

ஐந்து மாதம் கழித்து அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கோழியும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். அவளது படுக்கையறைக்குள் அன்றுதான் முதன்முதலாக நுழைந்தேன். கதவின் உள்பக்கம் நாலு இரும்புத் தாழ்ப்பாள்.

"என்னடி இது, பேங்க் லாக்கரா?" என்றேன்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி சாலினாங்கற ஊர்ல இருந்தப்போ ஒருத்தன் உள்ள வந்துட்டான். டெலிபோன் ஒயரால கட்டிப்போட்டான். அவனைப் புடிக்கவே இல்ல." சூப்பில் உப்பு குறைவு என்பதைப் போலச் சொன்னாள்.

தட்டைக் கீழே வைத்தேன். "ஜட்ஜ் கேட்டாரே, ஏன்டி அட்டையைத் தூக்கல?"

"தூக்கியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவள் முழங்காலைக்கூடப் பார்க்கவில்லை, கத்தித் தீர்த்தேன். மறுநாள் காலை நீதிபதியிடம் போய்ச் சொன்னேன். நல்ல சிநேகிதி, பாவி. வேறென்ன செய்ய? போனது இன்னொருத்தனின் பன்னிரண்டு வருடம்.

அந்தத் தீர்ப்பு செல்லுமா என்று பார்க்க வைத்த விசாரணைக்கு ஊன்றுகோலோடு வந்தாள். கேசியைச் சிறையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவனுடைய வக்கீல், "உங்க வீட்ல அது நடந்தது எப்போ?" என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"கேசிக்கு என்ன வயசுன்னு தெரியுமா?"

"இருபத்திரண்டு. முதல் நாளே சொன்னாங்க."

"அப்போ இவர் அந்த ஆள் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"நல்லாத் தெரியும்," என்றாள் வெர்னெட், அன்று ஆப்பிள் பை பற்றி உண்மை சொன்ன அதே குரலில். "எனக்கு இவன்தான்னு இல்லீங்க. யாராவது ஒருத்தன் உள்ள போகணும்னு இருந்துச்சு."

இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல நீதிபதி பேனாவை மூடிவிட்டார். கேசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.