பிஸ்கட் தட்டுக்கு அடியில் இரண்டு கத்திகள்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, அம்பாங்கானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இது தொடங்கியது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். வேலை முடிந்து வந்தால் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து கத்தி செய்வேன். பெரிய வெட்டுக்கத்தி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, பெல்ட்டில் உறையோடு மாட்டிக்கொள்கிற சின்னக் கத்தி. வீடியோ பார்த்துக் கற்றதுதான். கற்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு வருடம் செய்தவனைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே போனால் வரும், எண்ணெய்க்குப் பழம் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். முன்பு குலை வெட்டும் வேலையில் இருந்தவர். மட்டை முள் குத்தி இடது கண் போனபிறகு, தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் டிராக்டரைக் கொடுத்தார். டிராக்டர் ஓட்டுவதற்கும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போவார். அவர்தான் ஒருநாள் என் கத்திகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு செய்டா. சாக்கு வாய் அறுக்க, கயிறு வெட்ட. ஆனா பாக்க டீசன்டா இருக்கணும். இடுப்புல மாட்டிட்டு நடந்தா என்னைய ஆபீஸ் கிராணின்னு நெனைக்கணும்."

நான் உடனே வரைபடத் தாளை எடுத்துவிட்டேன். அலகு ஏழு சென்டிமீட்டர், முனை மெலிந்து, முதுகு லேசாக இறங்கி. அட்டையில் வெட்டி அவர் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். சுண்டு விரல் வெளியே போனது. கைப்பிடியை நீட்டினேன். பழைய அரம் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, இரண்டு அலகுகளாக அறுத்தேன். இரண்டாவது, ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று. கைப்பிடிக்குத் தரைப்பலகை போட்டு மிஞ்சிய மெர்பாவ் மரத்துண்டு. ஆணிக்குப் பித்தளைக் கம்பி. இதெல்லாம் நன்றாகவே வந்தது. அதை இப்போதும் மறைக்காமல் சொல்லுவேன்.

இனி வருவதுதான் விஷயம். அலகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்கினால் எஃகு இறுகிவிடும். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கூர்மையாக இருக்கும், வளைத்தால் உடையும். அதை மறுபடியும் இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு தடவை, மெல்லச் சூடாக்கினால்தான் அந்த இறுக்கம் இறங்கிப் பதமாகும். சரியாக இறங்கினால் தேய்த்த எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஏறும். இதற்கு வீட்டு ஓவன் போதும்.

ஓவன் கிடைக்கவில்லை. அம்மா தீபாவளிக்கு வெளியாட்களுக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுப்பார். அந்த ஒரு மாதம் ஓவன் காலையில் பற்றினால் மாலை வரை அணையாது.

"ரெண்டு மணி நேரம் குடும்மா. இருநூறுல வைக்கணும்."

"இருநூறா? என் பிஸ்கட் கரியா போயிடும்லா. தீபாவளி முடிஞ்சு வா."

"தீபாவளிக்குத்தாம்மா சித்தப்பாவுக்குக் குடுக்கணும்."

"அவரு என்ன, இட்லிய கத்தியில வெட்டித்தான் தின்பாராமா?"

தீபாவளி முடியும்வரை என்னால் காத்திருக்க முடியாது. எதையும் என்னால் காத்திருந்து செய்ய முடிந்ததில்லை. அம்மா கூடத்தில் டப்பாக்களுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு அலகுகளையும் அலுமினியத் தாளில் சுற்றி பிஸ்கட் தட்டுக்கு அடியில் கடைசித் தட்டில் வைத்துவிட்டேன். பிஸ்கட்டுக்கு ஓவன் நூற்றைம்பதில் இருந்தது. வெப்பம் குறைவு, நேரத்தைக் கூட்டிவிட்டால் சரிக்குச் சரி என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். டிப்ளோமாவில் உலோகவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். எஃகுக்கு அப்படிக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாலு தட்டு பிஸ்கட் வெந்து இறங்கியபின் எடுத்தேன். வெண்ணெய் வாசனை அடித்தது. நிறம் மாறவில்லை, பழைய சாம்பல் வெள்ளையே. சமையலறை விளக்கு சரியில்லை என்று முடிவு செய்தேன். பிறகு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டேன், இனி யாராலும் நிறம் பார்க்க முடியாது. கத்தி செய்கிறவர்களின் வாட்சப் குழுவில் படம் போட்டு, கீழே "இருநூறு டிகிரி, இரண்டு முறை" என்று எழுதினேன். நிறைய கட்டைவிரல்கள் வந்தன.

தீபாவளியன்று சித்தப்பா கத்தியை உறையிலிருந்து உருவி, ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கைமயிரை வழித்துப் பார்த்தார். உடனே எழுந்து நின்று பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். அன்று முழுவதும் வந்தவர்களிடமெல்லாம் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டாவது கத்தியையும் விடவில்லை. தன்னோடு டிராக்டரில் வேலை செய்கிற, உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவருக்கு வேண்டும் என்று வாங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தார். வலது கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல் பிளாஸ்திரி. இருக்கிற ஒரே கண். அதிலிருந்து ஒரு விரல் அகலம்கூட இல்லை. அம்மா பதறிப்போய்க் கேட்க, அவர் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. ரெண்டே தையல். உரச் சாக்கு வாய அறுக்கும்போது கத்தி முனை ஒடைஞ்சு தெறிச்சிருச்சு." என் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதடா. அழகான பொருளை ஒடைச்சுட்டேன்."

கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கத்தியை நீட்டினார். நான் வாங்கி முறிந்த இடத்தைப் பார்த்தேன். சீனியைப் போல மின்னியது. வேறு சோதனை தேவைப்படவில்லை.

"சாக்கு நூல்லதான் முனைய வச்சேன்னு நெனச்சேன். டிரெய்லர் இரும்புல குத்திட்டேன்போல. தூரம் புடிபடல. இந்தக் கண்ணும் போவுதுன்னு நெனைக்கிறேன்" என்றார். பிறகு தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார். "மண்டோர்கிட்ட சொல்லிட்டேன். மாசக் கடைசியில டிராக்டர் சாவிய வாங்கிக்கங்கன்னு. ஆளு மேல ஏத்திட்டா அப்புறம் யாரு பதில் சொல்றது?"

நான் கத்தியை மறுபடி கைக்குட்டையில் சுற்றினேன். அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு கத்தி அந்த அக்காவிடம் இருக்கிறது, அதை யாருக்கும் காரணம் தெரியாமல் எப்படித் திரும்ப வாங்குவது? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நடந்தது இதுதான்.

சித்தப்பாவிடம் நம்பர் வாங்கி அந்த அக்காவுக்கு போன் செய்தேன். கூர் தீட்டித் தருகிறேன், கத்தியைக் கொடுத்து விடுங்கள் என்றேன்.

"எதுக்கு தம்பி? இன்னும் முடி வழிக்குது. மொக்கையானா நானே சொல்றேன்."

"இல்லக்கா, ஒரு தடவ பாத்துடறேனே."

"குடுத்தா திரும்பி வராது. உங்க சித்தப்பாவோடத ஒடைச்சிட்டாருல்ல, இத அவருக்கு மாட்டி விடப் பாக்குறீங்க." சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டாரில் போனேன். போகிற வழியெல்லாம் அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன். உறை தைத்தது சரியில்லை என்று சொல்லலாம். ஆணி தளர்ந்திருக்கும் என்று சொல்லலாம்.

செம்பனை வரிசைக்குள் டிராக்டர் நின்றிருந்தது. அக்கா ஐம்பது வயதுக்காரர், முழங்கை வரை கையுறை போட்டு, முழுக்கைச் சட்டைக்கு மேல் பெல்ட், அதில் என் கத்தி. உதிரிப் பழச் சாக்கின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். அலகு தன்னைப் பார்த்தபடி, முகத்துக்கு நேராக. சித்தப்பா பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரி அழுக்காகியிருந்தது.

தயார் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அக்கா, அத கீழ வைங்க. அது சரியா செஞ்ச கத்தி இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஓவன், நூற்றைம்பது டிகிரி, மாறாத நிறம், தேய்த்து மறைத்தது. அக்கா நம்பவில்லை.

"பிஸ்கட்டோட வச்சா கத்தி ஒடையுமா? என்னா கதை இது."

தரச் சொன்னேன். டிரெய்லர் கொக்கியின் இடுக்கில் முனையைச் செருகினேன். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். காட்டுக்குள் ஹெல்மெட்டோடு நின்றவனைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டார். கத்தியைத் துணியால் மூடி, கைப்பிடியை லேசாகப் பக்கவாட்டில் தள்ளினேன். நல்ல பதத்தில் இருந்தால் வளைந்து நிமிர்ந்திருக்கும். 'டக்' என்று போனது. நான் இன்னும் பலம் கொடுக்கவே தொடங்கவில்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது. சித்தப்பா துணியை விலக்கி, முறிந்த துண்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இரும்புல குத்தலயா?" என்றார்.

"அதத்தாண்ணே நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அக்கா. "சாக்கப் புடிச்சுட்டு நின்னது நானு. இரும்பு எங்கயோ, கத்தி எங்கயோ. நீங்கதான் கேக்கல. நூலுல போயி கத்தி ஒடையுமான்னு என்னையவே திருப்பிக் கேட்டீங்க."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. டிராக்டரைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒரு கையால் நல்ல கண்ணை மூடினார், திறந்தார், எதிர் வரிசையில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்தி உடைந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் அந்தக் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வண்டியில் ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைத் திட்டக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா அந்தக் குறையை நன்றாகவே தீர்த்து வைத்தார், அதை இங்கே எழுத முடியாது.

அன்று மாலையே சித்தப்பா மண்டோரிடம் போய்ப் பேசினார். சாவி அவரிடமே இருக்கிறது, இன்றுவரை அவர்தான் ஓட்டுகிறார். நான் வாட்சப் குழுவில் உடைந்த இரண்டு கத்திகளின் படத்தையும் போட்டு, உண்மையான டிகிரியை எழுதினேன். இந்தத் தடவை கட்டைவிரல் அதிகம் வரவில்லை.

இப்போதும் கத்தி செய்கிறேன். ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் இடுக்கியில் வைத்து வளைத்துப் பார்க்கிறேன். சிலசமயம் உடைகிறது, மறுபடி செய்கிறேன். அதெல்லாம் பழக்கமாகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: நான் வாய் திறக்காமல் இருந்த அந்த இரண்டு நாளும் என் தவறு காணாமல் போய்விடவில்லை, தன் கண்ணின் தவறென்று நம்பி இன்னொருவர் அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார் என்ற நினைப்பு.