விசிட்டர் கொண்டு வந்த ரோஜா

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கத்துத் தெருக்களின் தார் இளகிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். திருச்சி மருத்துவமனை ஒன்றில் கீமோ தொடங்கியிருந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் மழித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி இருபத்தோரு வருடங்களாக, வேலை முடிந்து வரும்போது அம்மா மண்டபம் சாலையில் ஒரு முழம் மல்லிகை வாங்குவேன். சண்டை போட்ட நாளிலும் வாங்குவேன். பேசாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அது அவள் தலையில் இருக்கும், சண்டை ஓய்ந்திருக்கும். அந்த ஞாயிறோடு நிறுத்திவிட்டேன். முடியில்லாதவளிடம் எப்படிப் பூவை நீட்டுவது?

"என்ன சார், அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார் பூக்காரம்மா. தலையாட்டி வைத்தேன். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் எங்கள் கல்யாண நாள். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. தில்லைநகரில் ஒரு பொக்கே கடையில் நுழைந்தேன். மஞ்சள் ரோஜா நட்புக்கு, வெள்ளை தூய்மைக்கு, காதலுக்குச் சிவப்புதான் என்றார் கடைக்காரர். சிவப்பே கட்டச் சொன்னேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடித் தாள் சரசரத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வர்றவங்கதான் இதைக் கொண்டு வருவாங்க. நீங்க எப்பலேர்ந்து விசிட்டர் ஆனீங்க?"

"காதலுக்கு இதுதானாம்" என்றேன், அசடு வழிய.

"அப்ப இருபத்தோரு வருஷமா கொண்டு வந்தது எதுக்காம்?" அவள் குரல் உடைந்தது. "முடிதானேங்க போச்சு. நானுமா போயிட்டேன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் சாலைக்கு ஓடினேன். பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல் அளந்து, ஒரு சாண் கூடவே விட்டு நறுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் அந்தச் சரத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்து, புருவத்தைத் தூக்கினாள். "எப்படி? அந்தக் காலத்து மைனர் மாதிரி இல்ல?" சிரித்தோம். எங்கே சிரிப்பு முடிந்து அழுகை தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அவளுக்குக் கழுத்து வரை முடி வளர்ந்துவிட்டது. ஆனாலும், அவளுக்கு நோகக் கூடாதென்று நான் பூவை நிறுத்திய அந்த மூன்று வாரங்களில், நோய் தொடாமல் விட்டு வைத்திருந்த ஒன்றையும் நானே அவளிடமிருந்து பறித்துவிட்டேனே என்பது, பூப்பொட்டலத்தோடு படியேறும் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு உறைக்கிறது.